ஒண்ணாம் நம்பர் நாற்காலி

காலை ஏழு பத்து. ஆறு சாய்வு நாற்காலிகளில் ஐந்தில் ஆள் இருந்தது. நாலாம் நம்பர் காலி.

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்த டயாலிசிஸ் பிரிவின் பொறுப்பு அவள் கைக்கு வந்து ஐந்து வருடம். அதில் நாலு வருடமாக, திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும், சரியாக ஆறு ஐம்பத்திரண்டுக்கு அந்த வாசலில் ஒருவர் வந்து நிற்பார். ரயில் எஞ்சின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எல்லாருக்கும் 'டிரைவர் சார்'. ஒருநாள் அவர் வந்து நின்றபோது சுவர்க் கடிகாரம் ஆறு நாற்பது காட்டியது. யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றினார்கள்.

அப்பேர்ப்பட்ட ஆள் இன்றைக்குப் பதினெட்டு நிமிஷம் லேட்.

வேறு இடமென்றால் லேட் வெறும் லேட்தான். இது சிறுநீரகம் கைவிட்டவர்கள் வருகிற இடம். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், மெஷின்தான் அவர்கள் ரத்தத்தைச் சுத்தம் செய்து தர வேண்டும். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் ஏறும். முதலில் கால் வீங்கும், அப்புறம் மூச்சு முட்டும், அதற்கப்புறம் நடப்பதைச் சிஸ்டர் இரண்டு தடவை கண்ணால் பார்த்திருக்கிறாள். மூன்றாவது தடவை பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. அதுவும் இந்த மனுஷனை.

போன் போட்டாள். எடுத்தது டிரைவரின் மனைவி.

"அவரு வரமாட்டேங்கிறாரு, சிஸ்டர்."

"உடம்புக்கு என்னம்மா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ரோஷம்." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க சார்ட்டு மேல."

சிஸ்டர் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து ஆறு கலரில் அவள் வரைந்த சார்ட், ஒரு மூலை கூட மடங்காமல், ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது.

*

எல்லாம் துண்டில்தான் ஆரம்பித்தது.

யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் இஷ்டப்பட்ட நாற்காலியில் உட்காரலாம் என்பது பழைய வழக்கம். மூன்றாம் நம்பர் ஜன்னலோரம். நாலாம் நம்பருக்கு எதிரே டி.வி. ஆறாம் நம்பர் பாத்ரூம் கதவை ஒட்டி. ஒண்ணாம் நம்பருக்கு நேர் மேலே ஏ.சி. மெஷினுக்குள் போய்ச் சுற்றிவிட்டு வருகிற ரத்தம் சும்மாவே உடம்பைக் குளிர வைக்கும். அதற்கு மேலே ஏ.சி.யும் ஊதினால் நாலு மணி நேரமும் பல் தந்தியடிக்கும். அந்த நாற்காலியைக் கண்டால் எல்லாருக்கும் அலர்ஜி.

முதலில் டெய்லர்தான் ஆறரைக்கே வந்து ஐந்தாம் நம்பரில் துண்டு போட்டுவிட்டு வெளியே காற்று வாங்கப் போனார். மறுதடவை கராத்தே மாஸ்டர் ஆறேகாலுக்கு வந்தார். அடுத்து பூக்கடை அக்கா, கடைக்குப் பூ எடுக்கப் போகிற வழியில், பொழுது விடியும்போதே ஆறாம் நம்பரில் ஒரு கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போனாள். ஜன்னலோரத்தில் மட்டும் யாரும் துண்டு போடவில்லை. அது டிரைவர் சாருடையது. அங்கிருந்து பார்த்தால் தண்டவாளம் தெரியும். அதில் கை வைக்க யாருக்கும் மனசு வராது. போன வெள்ளிக்கிழமை மாஸ்டரின் துண்டும் டெய்லரின் துண்டும் ஒரே நாற்காலியில் சந்தித்துக்கொண்டதில், ஊசி குத்துவதற்கு முன்னாலேயே இரண்டு பேருக்கும் பிரஷர் இருநூறைத் தொட்டுவிட்டது.

சிஸ்டர் முடிவெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்தாள். என்ன, பரீட்சையா என்று கேட்ட கணவனை ஒரே பார்வையில் சமையலறைக்கு அனுப்பினாள். ஆறு வாரம். பதினெட்டு நாள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாற்காலியும் மூன்று தடவை. அதிலும் ஒரு திங்கள், ஒரு புதன், ஒரு வெள்ளி. யாருக்கும் ஒரு நாள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வரைந்து முடித்தபோது அவளுக்கே தன் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை யாரும் தட்டிக்கொடுக்கவில்லை.

பூக்கடை அக்கா, தனக்கு மட்டும் என்னமோ குறைகிற மாதிரி இருக்கிறது என்றாள். என்ன குறைகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது என்றார் டெய்லர். முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்ந்த டீச்சர், ஊசி குத்தாத கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சார்ட்டைச் சரிபார்த்தாள்.

"கணக்கு சரியா இருக்கு" என்றாள் கடைசியில். "ஆனா நியாயமா இல்ல."

"கணக்கு சரின்னா நியாயம் எப்படி டீச்சர் தப்பாகும்?"

"அதான் எனக்கும் புரியல."

டிரைவர் சார் சார்ட் பக்கம் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சார்ட்டை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். தன் பெயருக்கு நேரே எழுதியிருந்த ஐந்தாம் நம்பரில் போய் உட்கார்ந்தார். நாலு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "டைம்டேபிள் நல்லா இருக்கு, மேடம்" என்றார்.

நாலு வருடத்தில் அவர் அவளை 'மேடம்' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

*

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்தார். திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவில் நாலு நாள் இடைவெளி; இந்த வயசில், இந்த இதயத்தோடு, தாங்கினாலும் தாங்கலாம், பந்தயம் கட்ட நான் தயாரில்லை என்றார். வெள்ளிக்கிழமை முதல் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதாக டிரைவர் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாராம். சிஸ்டர் அங்கேயும் போன் போட்டு விசாரித்தாள். இடம் இல்லை. இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் அவரிடம் இல்லை.

ஒன்பது மணிக்கு மறுபடி அவர் வீட்டுக்குப் போன். இந்தத் தடவை அவளிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. மூன்று நாளும் ஜன்னலோரம் அவருக்கே, மற்றவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லச் சொன்னாள். அந்தப் பக்கம் முணுமுணுப்புக் கேட்டது. அப்புறம் இருமலும் சிரிப்பும் கலந்து ஒரு சத்தம்.

"சிரிக்கிறாரு, சிஸ்டர்."

"எதுக்கு?"

"கைக்கூலியாம்."

ஜன்னலோரத்தை முழுசாகத் தூக்கிக் கொடுத்தும் வேண்டாம் என்கிற மனுஷனை என்ன செய்வது? பதினொன்றரைக்கு ஐந்து பேரையும் மெஷினிலிருந்து விடுவித்து, எடை பார்த்து, அனுப்பி வைத்தாள். ஷிப்ட் முடிந்ததும், பிரஷர் பார்க்கிற கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்த அம்மாளின் முகத்தில் இரண்டு ராத்திரி தூங்காத களைப்பு இருந்தது.

டிரைவர் சார் நிமிர்ந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. அவர் மூச்சு விடுவதைச் சிஸ்டர் வாசலிலிருந்தே எண்ணினாள். அந்த எண்ணிக்கை அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எத்தனை தலகாணி வெச்சுப் படுக்கிறீங்க?"

"ஒண்ணு."

"மூணு" என்றது சமையலறை. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

அவள் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அந்தக் குழியைப் பார்த்தார்கள். அதில் வாதாட ஒன்றும் இல்லை.

"ஜன்னல் வேணாம்னுட்டீங்களாமே" என்றாள்.

"முப்பத்தெட்டு வருஷம் ஜன்னல் வழியா தலைய நீட்டியாச்சு, மேடம். போதும்."

"அப்ப இந்த நாலு வருஷமா அதுலதானே உக்காந்தீங்க?"

"சீக்கிரம் வந்தேன். காலியா இருந்துச்சு. உக்காந்தேன். எனக்கு ஜன்னல்தான் வேணும்னு எவன் சொன்னான்?"

சிஸ்டர் யோசித்துப் பார்த்தாள். ஆமாம், எவன் சொன்னான்? தண்டவாளம் தெரிகிறது, அவர் எஞ்சின் ஓட்டியவர், ஆகவே ஜன்னல். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று அவளேதான் போட்டுவைத்திருந்தாள்.

"பின்ன என்னதான் வேணும் உங்களுக்கு? சொல்லுங்க. இப்ப கேக்குறேன்."

அவர் ஒரு வாக்கியத்துக்குத் தேவையான மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கணும்னு டாக்டர் சொல்றாரு. உப்பு எவ்வளவுன்னு இவ சொல்றா. எந்தக் கையில ஊசின்னு நீங்க சொல்றீங்க. எல்லாத்துக்கும் சரி, சரின்னு தலையாட்டிட்டேன். எங்க உக்காரணுங்கிறது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதையும் ஞாயித்துக்கிழமை உங்க வீட்ல உக்காந்து முடிச்சிட்டீங்க."

"எல்லாருக்கும் சமமாத்தானே போட்டேன்?"

"சமமாத்தான் போட்டீங்க. நான் இல்லேன்னு சொல்லல. பார்சலைக் கூடத்தான் சமமா அடுக்குவாங்க."

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் போய்த் தைத்தது. ஒரு நாள் பூராவும் ஸ்கேல் பிடித்த கை அது. இவர் அம்பது கிலோ எடையில் குச்சி மாதிரி வந்து சேர்ந்த நாளில், நரம்பு கிடைக்காமல் நாற்பது நிமிஷம் தேடிய கை அது. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்து, எது முதலில் என்று தெரியாமல் இரண்டும் நின்றன. சமையலறையிலிருந்து அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள், சிஸ்டருக்கு மட்டும்.

குடித்து முடித்துக் கேட்டாள். "இப்ப நான் என்ன செய்யணும்?"

"அஞ்சு பேரையும் உக்கார வெச்சுக் கேளுங்க. நானும் இருக்கேன். பேசி முடிச்சதுக்கு அப்புறம் எங்க உக்காரச் சொன்னாலும் உக்காருறேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்க தாங்க மாட்டீங்க."

"அப்ப சீக்கிரம் கூட்டுங்க."

பேரம் அங்கேயே முடிந்தது. நாளைக்கு வியாழன், மதியம் இரண்டு மணிக்கு மேல் மெஷின்கள் காலி. அவர் வந்து படுத்துக்கொள்வார். மூன்று மணிக்கு ஐந்து பேரும் வர வேண்டும். வராவிட்டால் என்ன என்று அவள் கேட்டாள். ஊசியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு என்றார் அவர். விளையாட்டாகச் சொல்கிற முகம் இல்லை அது.

படியிறங்கும்போது அந்த அம்மாள் கூடவே வந்தாள். ராத்திரி மூச்சு ஜாஸ்தியாக வாங்கினால் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துவந்துவிடுங்கள் என்று சிஸ்டர் சொன்னாள். ஒரு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "அதுக்கு மட்டும் அவர்கிட்ட கேக்க வேணாம்."

*

டயாலிசிஸ் நோயாளிக்கு வியாழக்கிழமை என்பது கோயில் மாதிரி. ஆஸ்பத்திரி வாடை இல்லாத நாள். அந்த நாளைக் கேட்டு ஐந்து பேருக்கும் போன் போட வேண்டியிருந்தது.

டெய்லர் கறாராகச் சொன்னார்: "நாளைக்கு நான் நோயாளி இல்ல, சிஸ்டர். நாளைக்கு நான் டெய்லர்." பூக்கடை அக்கா, சாயங்கால வியாபாரத்துக்கு மாலை கட்டுகிற நேரமாயிற்றே என்று இழுத்தாள். கராத்தே மாஸ்டருக்கு நாலு மணிக்கு வகுப்பு. டீச்சர், கூட்டத்தில் என்னென்ன பேசப்போகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டாளே தவிர வருகிறேன் என்று சொல்லவில்லை. மிச்சம் இருந்தது லைப்ரரியில் வேலை பார்க்கிற பெண். வந்து சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவள் குரல் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. போனிலும் "ம்" என்று ஒரே ஒரு எழுத்துதான் வந்தது.

அவர்கள் வராவிட்டால் டிரைவருக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் ஐந்து பேரிடமும் ஒளிக்காமல் சொல்லிவைத்தாள்.

வியாழன். மதியம் இரண்டு. டிரைவர் சார் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஆனால் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். எடை ஐந்து கிலோ ஏறியிருந்தது. சிஸ்டர் ஊசி குத்தி, டேப் ஒட்டி, மெஷினை ஓடவிட்டாள். குழாயில் ரத்தம் சிவப்பாக ஏறுவதைப் பார்த்த பிறகுதான் தன் மூச்சையும் விட்டாள்.

இரண்டே முக்கால். மூன்று. மூன்று அஞ்சு.

அறையில் மெஷின் சத்தம் மட்டும். வாசலில் ஈ, காக்கை இல்லை. டிரைவர் சாரின் பார்வை கடிகாரத்திலிருந்து தன் இடது கைக்கு இறங்கியது. வலது கை மெதுவாக நகர்ந்து டேப்பின் ஓரத்தில் வந்து நின்றது.

"மணி மூணு ஏழு, மேடம்."

"இன்னும் அஞ்சு நிமிஷம்."

"ரயிலு அஞ்சு நிமிஷம் நிக்காது."

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். முதலில் வந்தது வெள்ளை உடுப்பும் கறுப்பு பெல்ட்டுமாகக் கராத்தே மாஸ்டர். பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு டீச்சர். கழுத்தில் அளவு டேப் தொங்க டெய்லர். கையில் நாரும் ஊசியுமாகப் பூக்கடை அக்கா. கடைசியாக லைப்ரரிப் பெண். ஐந்து பேரும் இரண்டே முக்காலுக்கே கேட்டுக்குப் பக்கத்தில் கூடிவிட்டார்களாம். கூடின இடத்திலேயே யாருக்கு எந்த நாற்காலி என்று சண்டை மூண்டு, செக்யூரிட்டி வந்து விலக்கிவிட்டு மேலே அனுப்பியிருக்கிறார்.

"எங்க அண்ணன் இல்லாம நாங்க முடிவு பண்ணிருவோமா?" என்றார் டெய்லர், டிரைவரின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. "சும்மா ஒத்திகை பாத்தோம்."

டேப்பிலிருந்து வலது கை விலகியது.

*

சிஸ்டர் சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். சொல்லுங்கள், கேட்கிறேன் என்றாள். அடுத்த அரை மணி நேரம் அவளுக்கு வாயைத் திறக்க இடம் கிடைக்கவில்லை.

முதலில் பேசியது டிரைவர் சார். நாற்காலி யாருக்கும் சொந்தமாகக் கூடாது, மாற்றி மாற்றி உட்கார வேண்டும், ஒண்ணாம் நம்பரின் குளிரை ஆறு பேரும் பங்குபோட வேண்டும் என்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த சிஸ்டருக்குத் தலை சுற்றியது. அது அவள் சார்ட். அச்சு அசலாக அவள் சார்ட். இதற்காகவா இந்த மனுஷன் உயிரைப் பணயம் வைத்தார்?

மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பூக்கடை அக்கா ஆறாம் நம்பரை விடமாட்டேன் என்றாள். பாத்ரூம் வாசலை யாராவது கேட்டு வாங்குவார்களா என்று மாஸ்டர் சிரித்தார். அக்கா நாரைக் கீழே வைத்தாள். "அங்கேருந்துதான் சிஸ்டர் மேஜை பக்கம். நான் தூங்கிட்டா யாராச்சும் என்னைப் பாத்துட்டே இருக்கணும். இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது." மாஸ்டரின் சிரிப்பு நின்றது. ஐந்து வருடமாகப் பூக்கடை அக்காவைப் பாவம், போட்டி வேண்டாமென்று பாத்ரூம் பக்கம் ஒதுங்கிக்கொள்கிறாள் என்று நினைத்து வந்த சிஸ்டர், தன் மேஜையைத் திரும்பிப் பார்த்தாள்.

டீச்சருக்கு டி.வி. என்றால் ஆகாது, அதற்குத் தூரமாக ஐந்தாம் நம்பர் போதும். மாஸ்டருக்கு டி.வி. இல்லாவிட்டால் நாலு மணி நேரமும் ஊசியே ஞாபகம் வரும், அவருக்கு நாலு. மூன்றாம் நம்பர் பேச்சு வந்தபோது எல்லாரும் டிரைவரைப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார். அப்போது சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்குக் குமட்டும். வெளிய பாத்துட்டிருந்தா கொஞ்சம் தேவல."

லைப்ரரிப் பெண். அவ்வளவுதான் சொன்னாள். ஜன்னலோரம் அரை நொடியில் கைமாறியது. "இத்தனை நாள் சொல்ல வேண்டியதுதானேம்மா" என்று டெய்லர் கடிந்துகொண்டார். யார் கேட்டார்கள் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. சிஸ்டர்தான் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

டிரைவரின் திட்டத்துக்கு ஓட்டு எடுத்தார்கள். ஆதரவு ஒன்று: அவருடையது. எதிர்ப்பு ஐந்து. டீச்சர் நோட்டில் எழுதினாள்.

மிச்சம் ஒண்ணும் இரண்டும். அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் எனக்குப் பொழுது போகும், அண்ணன் இரண்டில் உட்காரட்டும், குளிரை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார் டெய்லர். டிரைவர் சார் கூடாது என்று தலையை ஆட்டினார். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம், ஆறு வாரத்துக்குச் சீட்டுப் போடுங்கள் என்றார். டீச்சர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டாக்கி எழுதி மடித்தாள். அவர் வலது கையை நீட்டி ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

ஒன்று.

சிஸ்டரின் கை தானாகப் போய் மெஷினைப் பிடித்துக்கொண்டது. சொன்ன திட்டம் தோற்றது. ஓட்டில் தனியாள். இப்போது ஆறிலேயே மோசமான நாற்காலி, ஆறு வாரத்துக்கு. எழுந்து போகப்போகிறார், இனி எந்தச் சமாதானமும் எடுபடாது என்று அவளுக்குத் தோன்றியது.

டிரைவர் சார் சீட்டைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்பது போல. அப்புறம் மனைவியிடம் நீட்டினார்.

"அந்தப் பச்சைக் கம்பளி எங்க இருக்கு?"

"பரண்ல" என்றாள் அந்த அம்மாள்.

"வெயில்ல போடு."

அவ்வளவுதான். டீச்சர் எழுதியதை வாசித்துக் காட்ட, ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். டிரைவர் படுத்தபடியே வலது கையால், கொஞ்சம் கோணலாக. மாஸ்டர் வகுப்புக்கு ஓடினார். மற்றவர்கள் போக மனசில்லாமல் வாசலில் நின்று இன்னும் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போனார்கள்.

அறை காலியானதும் சிஸ்டரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"என் சார்ட்ல உங்களுக்கு ஒண்ணாம் நம்பர் ஆறு வாரத்துல மூணே தடவை. இதுல பதினெட்டு. தெரியுமா?"

"டீச்சர் இல்லேன்னாலும் அந்தக் கணக்கு எனக்கு வரும்."

"அப்புறம் ஏன்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மெஷின் ஒன்றரை மணி நேரமாக வேலை செய்ததில் முகத்தின் உப்பல் கொஞ்சம் வடிந்திருந்தது. தூங்கிவிட்டாரோ என்று அவள் நினைத்தபோது பேசினார்.

"மூணு தடவையும் உங்க மேல கோவமா உக்காந்திருப்பேன். இப்ப யாரு மேல கோவப்படுறது? நல்லா வாதாடினேன். அஞ்சு பேரும் கேட்டாங்க. கேட்டுட்டுத்தான் வேணாம்னாங்க." ஒரு கண்ணைத் திறந்தார். "நீங்களும் கேட்டீங்க, சிஸ்டர்."

மேடம் போய்விட்டது. அவள் பிரஷர் கருவியை எடுத்து அவர் கையில் சுற்றினாள். சுற்றும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலை ஒரு துண்டும் விழவில்லை. ஆறு பேரும் அவரவர் நாற்காலிக்கு ஏதோ பிறந்ததிலிருந்தே அங்கே உட்கார்ந்தவர்கள் போலப் போனார்கள். டிரைவர் சார் பச்சைக் கம்பளியும் குரங்குக் குல்லாயுமாக ஒண்ணாம் நம்பரில் ஏறினார். ஏறிய ஐந்தாம் நிமிஷத்திலிருந்து ஏ.சி.யைத் திட்ட ஆரம்பித்தார். இதைச் செய்தவன், இதை மாட்டியவன், இதற்குக் கரண்ட் கொடுக்கிறவன் என்று ஒருவரையும் விடவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து டெய்லர், குல்லாயின் தையல் சரியில்லை என்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். திட்டும்போது டிரைவர் சாரின் குரலில் இருந்த தெம்பைக் கேட்டுக்கொண்டே சிஸ்டர் ஒவ்வொருவருக்காக ஊசி குத்தி வந்தாள்.

எட்டு மணிக்கு ஏணியோடு எலக்ட்ரீஷியன் வந்தார். அவள் புகார் எழுதிக்கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. ஏணியைச் சாத்தி, ஏறி, ஏ.சி. வாயைத் தட்டிப் பார்த்தார்.

"சின்ன வேலை, சிஸ்டர். இந்தத் தகட்டைத் திருப்பிவிட்டா காத்து இவர் மேல விழாது. அந்தப் பக்கமா போயிடும். ரெண்டு நிமிஷம். திருப்பிரவா?"

"திரு..." என்று ஆரம்பித்துவிட்டாள். மிச்சத்தை விழுங்கினாள். அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் கேட்டீங்கள்ல? என்ன சொல்றீங்க?"

அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று முதலில் டீச்சர் கேட்டாள். இரண்டாம் நம்பர் தலையிலா என்றார் டெய்லர். லைப்ரரிப் பெண், கொஞ்சம் காற்று வந்தால் தனக்கு நல்லதுதான், ஆனால் குளிராக வேண்டாம் என்றாள். நேற்றைவிட இரண்டு வார்த்தை அதிகம். பாதித் தகட்டை மட்டும் திருப்ப முடியுமா என்று பூக்கடை அக்கா யோசனை சொன்னாள். மாஸ்டர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது.

"ஒண்ணாம் நம்பருக்கு இதுல ஒரு கருத்து இருக்கு" என்றார் டிரைவர் சார். "முதல்லேருந்து சொல்றேன்."

எலக்ட்ரீஷியன் ஏணியின் உச்சியில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றபடி சிஸ்டரைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

சிஸ்டர் மெஷினில் ஓடுகிற நேரத்தைப் பார்த்தாள். இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"இறங்கி வந்து உக்காருங்கண்ணே" என்றாள், ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டு.